நூலில் எழுதிய வரலாறு

நம் மொழியில் ‘நூல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். தைக்கிற நூலும் நூல்தான். படிக்கிற நூலும் நூல்தான். இதற்குக் காரணம் சொல்ல நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் ஓர் அழகான உவமையைக் கையாள்கிறார். சொற்களே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே அவளுடைய கை, அவன் அறிவே கதிர் என்கிறார். அதோடு நிறுத்தாமல், மரத்தின் கோணலைத் தச்சன் நூல் பிடித்து நேராக்குவது போல மனத்தின் கோணலை நேராக்குவதும் நூல்தான் என்று இன்னொரு விளக்கமும் தருகிறார். புலவனுக்கு உவமையாக வந்த அந்தப் பெண், தான் நூற்ற நூலை ஊசியில் கோத்துத் தன் காலத்தின் கதையைத் தானே எழுதினால் எப்படி இருக்கும்? உலகில் பல இடங்களில் பெண்கள் அப்படி எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றை இங்கே பார்ப்போம்.

இந்த மலருக்கு நான் தையலைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் சங்க நண்பர் ஒருவர், “சமையல் குறிப்புக்குப் பக்கத்துப் பக்கமா?” என்று சிரித்தார். அவர் கேட்டதில் தப்பில்லை. பூத்தையல் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது தலையணை உறையில் ‘குட் நைட்’, கர்ச்சீப்பில் ரோஜாப்பூ, கல்யாணத்துக்கு முன் பெண்பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் கைவேலை, அவ்வளவுதான். அரசியல் வரலாறு என்றால் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரசாணை. இவை ஆண்களின் உலகம், அது பெண்களின் உலகம் என்று பிரித்து வைத்துவிட்டோம்.

கல்வெட்டில் பெண்களே இல்லை என்று சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பது உட்பட, வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயர்களைப் படிக்கிறோம். ஆனால் அது அரசன் ஆணைப்படி வெட்டியது. அந்த 400 பேரில் ஒருத்தியாவது தன் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைத்தாள் என்று அந்தச் சுவர் சொல்லாது. அதைச் சொல்ல அவள் கையில் உளி இல்லை. ஊசி இருந்திருக்கலாம், ஆனால் துணி கல்லைப் போல நிலைப்பதில்லை.

ஜெயித்தவர்களின் துணி

முதலில் ஒரு பெரிய துணியைப் பார்ப்போம். 1066-இல் பிரான்ஸின் நார்மண்டிப் பிரபு வில்லியம் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்றார். அந்தக் கதையைச் சுமார் 70 மீட்டர் நீளமுள்ள லினன் துணியில் கம்பளி நூலால் தைத்திருக்கிறார்கள். ‘பேயோ டேப்பெஸ்ட்ரி’ என்று அதற்குப் பெயர். டேப்பெஸ்ட்ரி என்றால் தறியில் நெய்த சித்திரம். இதுவோ முழுக்க முழுக்கக் கையால் தைத்த பூத்தையல். 11-ஆம் நூற்றாண்டிலேயே செய்தது. வில்லியமின் சகோதரர் முறையான பிஷப் ஓடோ செய்யச் சொன்னது, இங்கிலாந்தில்தான் தைக்கப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அப்படியானால் தோற்றுப்போன நாட்டின் கைகள் ஜெயித்தவர்களின் கதையைத் தைத்திருக்கின்றன.

அந்தத் துணியில் 600-க்கும் மேற்பட்ட மனித உருவங்கள் உண்டு. குதிரை, கப்பல், கோடாரி, விருந்து, எல்லாம் உண்டு. நடுப்பட்டையில் வரும் பெண்கள் மூன்றே மூன்று பேர். அவர்களில் ஒருத்தி, படைவீரர்கள் தீ வைத்த வீட்டிலிருந்து குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறாள். இங்கே ஒரு வீடு எரிக்கப்படுகிறது என்று மேலே லத்தீனில் ஒரு வரி. யார் வீடு, அந்த அம்மா யார், எதுவும் இல்லை. வெற்றியைக் கொண்டாடும் 70 மீட்டர் துணியில் அந்த ஒரு முழ இடம் வேறு ஏதோ பேசுகிறது. அந்த உருவத்தைத் தைத்தவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆயினும் போர் என்றால் கடைசியில் என்ன என்பதை அந்த இடத்தில் பார்த்துவிடுகிறோம்.

கந்தையும் காந்தாவும்

நான் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கல்கத்தாவில் வசிப்பவள். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த காலத்தில் எதிர்வீட்டு வங்காள மாஷிமா பழைய புடவைகளை வீசி எறிய மாட்டார். நாலைந்து புடவையை அடுக்கடுக்காக வைத்து, கரையிலிருந்து உருவிய வண்ண நூலைக் கொண்டே ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை ஆக்குவார். அதுதான் காந்தா. கடையில் புதுப் பட்டில் காந்தா வேலை செய்த புடவையை நான் வாங்கி வந்து காட்டியபோது அவர் தடவிப் பார்த்துவிட்டு, “புதுத் துணியில போட்டா அது எப்படி காந்தா ஆகும்?” என்று கேட்டார். அவர் கேள்வியில் சொல்லாராய்ச்சியே இருக்கிறது. காந்தா என்ற பெயர் கிழிந்த துணியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கசக்கிக் கட்டச் சொல்லும் நம் பழமொழியில் வருகிற ‘கந்தை’யும் அதே சொல்தான்.

கல்கத்தாவின் தெற்கு எல்லையில், ஜோகா என்ற இடத்தில், குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. குருசதய் தத் (1882–1941) ஐ.சி.எஸ். அதிகாரி. மாவட்டம் மாவட்டமாகப் பணி செய்தபோது கிராமத்துக் கலைப்பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 1932-இல் விரதசாரி இயக்கத்தைத் தொடங்கியவர். அவர் சேர்த்தவற்றை வைத்து 1963-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குள்ள காந்தாக்களில் புகழ்பெற்றது மானதாசுந்தரி தாசி என்ற பெண் 19-ஆம் நூற்றாண்டில் தைத்தது. ஊர் குல்னா மாவட்டம். தன் தந்தைக்காகத் தைத்தது என்று துணியிலேயே எழுத்துத் தைத்திருக்கிறாள்.

நடுவில் தாமரை. அதைச் சுற்றி என்ன இருக்கும் என்று எதிர்பார்ப்போம்? மயில், மீன், குதிரை, சாமி. இந்தக் காந்தாவில் வெள்ளைக்காரத் துரைமாரும் சிப்பாய்களும் இருக்கிறார்கள். விக்டோரியா ராணியின் நாணயமும் இருக்கிறது. இதைத் தைத்தவள் எந்த ராஜாங்கக் காரியத்திலும் கேட்கப்பட்டவள் அல்ல. அவள் ஆங்கிலேய ஆட்சியை வாழ்த்தித் தைத்தாளா, கேலி செய்து தைத்தாளா என்று கேட்டால், துணி அதற்குப் பதில் சொல்லவில்லை. நாமும் இட்டுக்கட்டிச் சொல்லக்கூடாது. ஆனால் ஒன்று திட்டமாகத் தெரிகிறது. கம்பெனி ஆட்சியும் மகாராணி ஆட்சியும் துப்பாக்கியாகவும் காசாகவும் ஒரு வங்காள வீட்டின் உள்ளறைவரை வந்துவிட்டன. அரசியல் என்பது வெளித்திண்ணை விஷயம் என்று ஆண்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே உட்கார்ந்திருந்தவள் அதைக் கவனித்துக் கணக்கில் வைத்திருக்கிறாள்.

அந்தத் துணிக்குப் பிறகும் வரலாறு நடந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று குல்னா இந்தியாவில்தான் சேரும் என்று அங்கே பலர் நம்பி மூவர்ணக்கொடி ஏற்றினார்கள். 17-ஆம் தேதி ராட்கிளிஃப் எல்லைக்கோடு வெளியானபோது குல்னா கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1971-இல் அது பங்களாதேஷ் ஆனது. மானதாசுந்தரியின் ஊர் இன்று ஒரு நாட்டில், அவள் தைத்த துணி வேறொரு நாட்டில். தையலின் இரண்டு ஓரங்களையும் ஒரு கோடு கிழித்துவிட்டது. 2017-இல் மத்திய அரசின் நிதியுதவி நின்று அந்த அருங்காட்சியகமே தள்ளாடிய செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தத் துணிதான். நூறு வருஷத்துக்கு மேலான பருத்தியைப் பூச்சியும் ஈரமும் தின்னாமல் காப்பதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும்.

வஜ்ராயுதக் கொடி

கல்கத்தாவிலேயே இன்னொரு தையல். வங்கப் பிரிவினை 1905-இல் நடந்தது. அந்நியத் துணி பகிஷ்காரம் தெருத்தெருவாகப் பரவியது. பாக்பஜாரில் பெண்குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய சகோதரி நிவேதிதை, இந்தியாவுக்கென்று ஒரு கொடியைத் திட்டமிட்டார். சிவப்பும் மஞ்சளுமான துணியில் நடுவே வஜ்ராயுதம், வங்க எழுத்தில் ‘வந்தே மாதரம்’. ததீசி முனிவர் தம் எலும்பைத் தந்து உருவான ஆயுதம் வஜ்ரம், தியாகத்துக்கு அடையாளம். அதைத் தைத்தவர்கள் அவருடைய மாணவிகள். 1906-இல் கல்கத்தாக் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி அந்தக் கொடி காட்சிக்கு வைக்கப்பட்டது.

நம் பாரதியார் தம் குருவாக ஏற்றுக்கொண்டவர் இந்த நிவேதிதைதான் என்பது தமிழர் எல்லோருக்கும் தெரியும். பெண் விடுதலை என்ற பொறி அவருக்குள் விழுந்ததில் நிவேதிதையின் பங்கை அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார். கொடிக்கு உருவம் தந்தவர் பெயர் நிலைத்துவிட்டது. விரலில் ஊசி குத்தக் குத்தத் தைத்த பாக்பஜார்ச் சிறுமிகளின் பெயர்கள் நிலைக்கவில்லை. ஒரு தேசம் தனக்கு என்ன கொடி என்று இன்னும் முடிவு செய்யாத காலத்தில் அதைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் அந்தக் குழந்தைகள்.

ரேந்தையும் குப்பாயமும்

தெற்கே வருவோம். நாகர்கோவில் பக்கத்தவர்கள் லேஸை ‘ரேந்தை’ என்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு ரேந்தைப் பின்னலும் தையலும் கற்றுக்கொடுத்தார். அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்யம். அடிமை முறை சட்டப்படி நடந்த காலம். 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. ரேந்தை பின்னிக் கிடைத்த காசில் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. ஊசி முனையில் விடுதலை என்றால் அது உவமை இல்லை, நடந்த கணக்கு.

அதே ஊரில், அதே காலத்தில், தைத்த சட்டை ஒன்று நாற்பது வருஷ அரசியல் ஆனது. நாடார் பெண்கள் மாரை மறைக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டு. மிஷன் பெண்கள் தைத்துக் கொடுத்த தளர்வான குப்பாயத்தை அணிந்து, அதற்கு மேல் சீலையும் போட்டு அவர்கள் வெளியே வந்தபோது சந்தையில் அடித்தார்கள், கிழித்தார்கள். 1829-இல் வந்த அரசு அறிவிப்பு குப்பாயம் போடலாம், மேல்சீலை கூடாது என்றது. 1858-இல் மறுபடியும் கலவரம். 1859 ஜூலை 26-இல் மகாராஜாவின் அறிவிப்பு நாடார் பெண்கள் எல்லோரும் குப்பாயம் அணியலாம் என்றது. அப்போதும்கூட உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று இதை நாம் படிக்கிறோம். அரசாணைகளின் தேதிகள் நமக்குக் கிடைக்கின்றன. கிழிந்ததை இரவில் மறுபடி தைத்து, விடிந்ததும் அதையே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்களுக்குத் தேதி ஏது? அந்தத் தையல்தான் போராட்டம்.

சாக்குத்துணிச் சித்திரங்கள்

இந்தக் கட்டுரையின் நடுநாயகமாக நான் கருதுவது தென்னமெரிக்காவின் சிலி நாட்டுப் பெண்கள் தைத்த துணிகளை. அங்கே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி சால்வடோர் அயெந்தேயின் ஆட்சியை 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் கவிழ்த்தது. ஜனாதிபதி மாளிகை மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். அயெந்தே அன்றே இறந்தார். ஜெனரல் பினோசெத் ஆட்சி 1990 வரை நீடித்தது. தொழிற்சங்கத்தார், மாணவர், விவசாயிகள் என்று ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பலர் திரும்பவில்லை, பிணமும் கிடைக்கவில்லை.

பிள்ளையைத் தேடிய தாய்மார்களும் கணவனைத் தேடிய மனைவிமார்களும் சிறை வாசலிலும் ஆஸ்பத்திரிப் பிணவறையிலும் ஒருவரையொருவர் பார்த்துப் பழகினார்கள். சாந்தியாகோ நகரத் தேவாலயங்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. 1976-இல் கர்தினால் ரவூல் சில்வா என்ரிகெஸ் ‘ஒருமைப்பாட்டு விகாரியகம்’ என்ற அமைப்பைத் தொடங்கி, அதன் நிழலில் தையல் கூடங்கள் பெருகின. ‘அர்பியேரா’ என்று அந்தத் துணிகளுக்குப் பெயர். ஸ்பானிஷில் அதற்கு அர்த்தம் சாக்குத்துணி. மாவு மூட்டைச் சாக்கைப் பின்துணியாக வைத்து, அதன் மேல் கந்தல் துண்டுகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்து, விரலளவு பொம்மை மனிதர்களைச் செய்து நிறுத்தி, ஓரத்தில் கம்பளி நூல் பின்னி முடிப்பார்கள். காணாமல் போனவரின் சட்டையையோ கால்சட்டையையோ வெட்டித் தைத்தவர்களும் உண்டு.

1975-இல் அந்த அரசு ஐக்கிய நாடுகள் சபையில் என்ன சொன்னது தெரியுமா? காணாமல் போனதாகச் சொல்லப்படுகிறவர்களில் சிலர் சட்டப்படி இருந்ததே இல்லையாம்! பெற்ற தாய் எதிரே நிற்கிறாள்; பிள்ளையே பிறக்கவில்லை என்கிறது அரசாங்கக் காகிதம். இந்தப் பொய்க்கு எதிராக அவளிடம் என்ன ஆவணம் இருக்கும்? வீட்டில் மடித்து வைத்த ஒரு சட்டை இருக்கும். அந்தச் சட்டைத் துணியை வெட்டி, அதில் ஒரு குட்டி மனிதனைச் செய்து, சாக்கில் தைத்து, பக்கத்தில் ‘எங்கே அவர்கள்?’ என்று எழுதினாள். பவணந்தியார் சொன்ன தச்சனின் நூல் இங்கே ஓர் அரசாங்கத்தின் கோணலுக்கு எதிராகப் பிடிக்கப்பட்டது.

எல்லாத் துணியிலும் சோகமே தைக்கவில்லை. தெருவில் ஒரே அடுப்பில் சமைத்து எல்லோரும் பகிர்ந்துண்ணும் பொதுப்பானை, மூடிக்கிடக்கும் ஆலை, தண்ணீர் நிறுத்தப்பட்ட குழாய், குழந்தைகளின் சாப்பாட்டுக் கூடம், வாசலில் ராணுவ வண்டி என்று ஒரு நாட்டின் தினசரி முழுக்க அதில் இருக்கிறது. 1978 நவம்பரில் லோன்கேன் என்ற ஊரின் பழைய சுண்ணாம்புக் காளவாயில் 15 பேரின் உடல்கள் கிடைத்தன. எல்லோரும் 1973-இல் பிடித்துச் செல்லப்பட்டவர்கள். கொஞ்ச நாளில் அந்தக் காளவாயும் துணியில் ஏறிவிட்டது. 1979-இல் பூட்டிக்கிடந்த நாடாளுமன்றக் கம்பிவேலியில் பெண்கள் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அதுவும் துணியில் வந்தது. பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தபோது இந்தச் சாக்குகள்தான் செய்தித்தாள். நான் பார்த்த படங்களில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது: பின்னால் ஆண்டிஸ் மலை, மேலே பெரிய சூரியன். அநியாயம் நடக்கிற தெருவிலும் சூரியன் தவறாமல் உதிக்கிறது.

தைத்தவர்கள் பெரும்பாலும் பெயர் போடவில்லை, போட்டால் ஆபத்து. துணியின் முதுகில் சின்னப் பை தைத்து, அதில் சேதியைச் சீட்டாக எழுதி வைத்தவர்கள் உண்டு. தேவாலய அமைப்பு அவற்றை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அந்தக் காசில் அடுப்பு எரிந்தது. கைவேலைதானே என்று முதலில் அசட்டையாக இருந்த ஆட்சியாளர்கள் விஷயம் புரிந்தபோது, நாட்டின் பெயரைக் கெடுக்கும் துணிகள் என்று ஆதரவுப் பத்திரிகைகள் எழுதின. பூத்தையலைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று அலட்சியமாக நினைத்த அதே எண்ணம்தான் அதுவரை அந்தப் பெண்களுக்குக் கவசமாக இருந்தது.

1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் சுமார் 56 சதவிகிதம் பேர் பினோசெத் நீடிக்க வேண்டாம் என்றார்கள். ஆட்சி மாறிய பின் அமைந்த விசாரணைக் குழுக்கள், கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 3,000-க்கு மேல் என்று உறுதி செய்தன. 2010-இல் சாந்தியாகோவில் திறந்த நினைவு அருங்காட்சியகத்தில் அர்பியேராக்கள் சாட்சியமாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. 2023-இல் சிலி அரசு தேசியத் தேடுதல் திட்டத்தை அறிவித்தபோது வெளியிட்ட கணக்குப்படி, காணாமல் ஆக்கப்பட்டோர் 1,469 பேர். அதுவரை அடையாளம் கண்டு மீட்கப்பட்டவர்கள் 307 பேர் மட்டுமே. ஐம்பது வருஷம் கழித்தும் கணக்கு முடியவில்லை. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரம் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்து உட்கார்ந்த தமிழ்த் தாய்மாரை நினைக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

புசுராவின் சுஜனி

இந்தியாவிலேயே, நமக்கு அடுத்த மாநிலத்தில், ஓர் உதாரணம். பீகார் முசாபர்பூர் மாவட்டத்தில் புசுரா என்ற கிராமம். அங்கே பிறந்த குழந்தைக்குப் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் மெத்தைத் துணிக்கு சுஜனி என்று பெயர். கந்தல்களுக்கென்றே ஒரு தாய்த்தெய்வமும் அவர்களுக்கு உண்டு. உருவக் கோடுகளுக்குச் சங்கிலித்தையல், உள்ளே நிரப்ப ஓட்டுத்தையல். வழக்கொழிந்துகொண்டிருந்த இந்த வேலைக்கு 1988 வாக்கில் மறுபடி உயிர் வந்தது. உள்ளூரில் நிர்மலா தேவி பெண்களைச் சேர்த்தார். பாட்னாவில் ‘அதிதி’ என்ற அமைப்பைத் தொடங்கிய விஜி ஸ்ரீனிவாசன் துணை நின்றார்.

அப்புறம் பெண்கள் தைத்தது மயிலும் பூவும் மட்டும் இல்லை. வரதட்சணை, பெண்சிசுக் கொலை, குடித்துவிட்டு அடிக்கும் கணவன், முக்காட்டோடு ஊர்க்கூட்டத்துக்கு வந்து பேசும் பெண், ஓட்டுப்பெட்டி என்று தங்களுடைய அரசியலைத் தைத்தார்கள். பஞ்சாயத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம். பீகாரோ 2006-இல் அதைச் சரிபாதி ஆக்கியது. பாட்னா செயலகத்துக் கோப்பில் இருந்த சட்டம் கிராமத்து முற்றத்துக்கு வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள இந்தத் துணிகளைப் பார்க்கலாம். 2006-இல் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025-இல் நிர்மலா தேவிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தையலைச் சாட்சியாகக் கொள்ளலாமா?

வரலாறு படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். துணியை ஆதாரம் என்று ஏற்கலாமா? எத்தனை பேர் செத்தார்கள், எந்தத் தேதி, யார் ஆணை என்பதற்குத் துணியைக் கேட்கக்கூடாது. அதற்குக் கோப்பும் விசாரணை அறிக்கையும் வேண்டும். வாங்குகிறவர் வந்துவிட்டால் கதை மாறும் அபாயமும் உண்டு. வெளிநாட்டார் எதை விரும்பி வாங்குவார்கள் என்று தெரிந்தால் சோகமும் ஒரு டிசைன் ஆகிவிடும். வரைந்து கொடுப்பவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர் என்றால் அது யார் குரல் என்ற கேள்வியும் எழும். பேயோவிலும் பாக்பஜாரிலும் அந்தக் கேள்வி இருக்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும், கோப்பில் கிடைக்காத ஒன்று துணியில் கிடைக்கிறது. ஒரு நிகழ்ச்சி நடந்த பிறகு அதோடு ஒருத்தி எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள் என்பது. கோபத்தில் ஒரு கடிதம் பத்து நிமிஷத்தில் எழுதிவிடலாம். ஒரு சாண் உருவத்தைத் தைக்க ஒரு பொழுது வேண்டும். தப்பினால் பிரித்து மறுபடி போட வேண்டும். அந்த நேரம் முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். யோசித்து யோசித்து, ஒவ்வொரு தையலாக எடுத்த முடிவு அது. எழுதத் தெரியாதவளும் தைத்தாள், எழுதத் தெரிந்தும் எழுத முடியாத காலத்தில் வாழ்ந்தவளும் தைத்தாள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கும் அரசியல் வரலாறு உண்டு. 1942 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் கல்கத்தா மேல் குண்டு போட்டபோது மூட்டை கட்டிக்கொண்டு ஹவுரா ஸ்டேஷனுக்கு ஓடிய குடும்பங்கள் உண்டு. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் வாரிசுகள் உண்டு. 1960-களின் பம்பாயில் ‘மதராஸி’ என்ற ஏச்சுக்குப் பயந்து பலகையை மாற்றிய கடைக்காரர்கள் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. இவற்றைப் பற்றி அரசாங்கக் கோப்புகளில் சில வரிகள் இருக்கும். வீட்டுக்குள் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது எங்கே இருக்கிறது? அந்த அம்மாக்கள், பாட்டிகள் பெரும்பாலோர் இன்று இல்லை. இருப்பவர்களும், “அதெல்லாம் எதுக்கு இப்போ?” என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே சங்கத்துக் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் கைத்தையல் போட்ட பழைய துணி ஏதாவது இருந்தால், மேஜை விரிப்போ, குழந்தைச் சட்டையோ, பெயர் தைத்த கர்ச்சீப்போ, அதைப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல், சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை வருஷத்துக்கொருமுறை மாற்றி வையுங்கள். யார் தைத்தது, எந்த ஊரில், எந்த வருஷம், அப்போது ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். சிலிப் பெண்கள் துணியின் முதுகில் தைத்த சின்னப் பையின் வேலையை அந்தக் காகிதம் செய்யும். அடுத்த ஆண்டு விழாவில் இப்படிச் சேர்ந்த துணிகளை ஒரு நாள் காட்சிக்கு வைக்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். என் பங்குக்கு, என் மாமியார் தைத்த தொட்டில் துணி ஒன்று இருக்கிறது. 1965-இல் மூத்த பிள்ளைக்காகத் தைத்தது என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம்தான் ஊரில் மொழிப் போராட்டமும் எல்லையில் போரும் நடந்தன. அவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேட்க இந்த வாரம் உட்காரப் போகிறேன். அவருக்கு வயது 86.